பெரிய டயருக்கு இடம் தேடும் ஜீப்

பெங்களூரில் சிவாஜிநகர் சந்துகளிலோ, ஜே.சி. ரோடு பக்கத்துத் தெருக்களிலோ நடப்பவர்கள், பட்டறை வாசலில் முன்பக்க மட்கார்டு அறுபட்டு நிற்கும் ஜீப்பை எப்போதாவது பார்த்திருப்பார்கள். விபத்தில் அடிபட்ட வண்டி என்று பரிதாபப்பட வேண்டியதில்லை. சொந்தக்காரரே காசு கொடுத்து வெட்டச் சொன்ன வண்டி அது.

குடகு, சக்லேஷ்பூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் பாதை என்பது பெயரளவில்தான். லாரிச் சக்கரம் கிழித்துப் போட்ட பள்ளத்தில் ஜீப் இறங்கினால், ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் மண் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் மேலே பாடிதான் உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க டயர் ஒன்றால்தான் முடியும்.

ஒன்றேகால் அங்குலம்

மகிந்திராவின் பழைய குட்டை ஜீப்பில் வரும் 6.00-16 டயரின் உயரம் சுமார் 28½ அங்குலம். இப்போது பலரும் கேட்பது 31 அங்குல டயர். வித்தியாசம் 2½ அங்குலம். ஆனால் அதில் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடுகிறது. தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கூடுவது ஒன்றேகால் அங்குலம் மட்டுமே. இத்தனை பாடும் அதற்காகத்தான்!

உயரத்தைவிட அகலம் தரும் தொல்லை அதிகம். பழைய டயர் ஆறு அங்குல அகலம், புதியது பத்தரை. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயரின் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் உரசும், வெளிப்பக்கம் மட்கார்டின் பின்மூலையில் இடிக்கும். சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டினால் ஸ்பிரிங் தப்பும். ஆனால் பேரிங்குக்குப் பளு கூடும், சேறு கண்ணாடி வரை தெறிக்கும்.

தொழில் தெரிந்த டிங்கர் கிரைண்டரை முதலில் தொட மாட்டார். சமதரையில் நிற்கும்போது உரசாத டயர், கல் மேல் ஏறும்போது உரசும். ஆகவே முன்பக்கம் ஒரு சக்கரத்தை மேடை மேல் ஏற்றி, எதிர்ச்சக்கரத்தைத் தொங்க விட்டு, டயர் விளிம்பில் சாக்பீஸ் பூசி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்புவார். வெள்ளைத் தடம் விழுந்த இடம்தான் வெட்ட வேண்டிய இடம். பிறகு பின்பக்கத்துக்கும் இதே சோதனை. அட்டையில் அளவு எடுத்து, தகரத்தில் கோடு போட்ட பிறகே வெட்டு.

வெட்டிய விளிம்பை அப்படியே விடுவது பெரிய தவறு. அது கத்தி, டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். உள்பக்கமாக மடித்துத் தட்ட வேண்டும், அல்லது கம்பி வைத்து உருட்ட வேண்டும். இரண்டு தகரம் சேரும் ஓரத்தை வெட்டினால், அவற்றைப் பிடித்திருந்த வெல்டிங் பொட்டும் போய்விடும். அங்கே மறுபடி பற்ற வைத்து, ரெட் ஆக்சைடு பூசாவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

பழைய ஜீப்பில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டோமே என்று தைரியமாக வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. நிறைந்த டாங்கியைவிட வடித்த டாங்கியே ஆபத்து; உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைக்க அரை மணி நேரம் போதும். பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு ஸ்பேனர் பெயர் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தர வேண்டும்.

வெட்டிய பிறகு

வெட்டாமல் வேலையை முடிக்க பாடிக்கும் சேஸிசுக்கும் இடையே கட்டை கொடுப்பதும் உண்டு. மரக்கட்டை உதவாது, ஊறும், பிளக்கும். கெட்டி நைலான் கட்டை ஓர் அங்குலம் கொடுத்தால்கூட ஸ்டியரிங் ராடு, கியர் லீவர், ரேடியேட்டர் குழாய் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினாலோ, சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாத நீளத்துக்கு மாற்றியாக வேண்டும்.

மாறுவது பாடி மட்டுமல்ல. மீட்டர் முள் 60 காட்டும்போது வண்டி 65-ல் ஓடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், கிளட்ச் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 80 அங்குலமே உள்ள குட்டை வண்டியை உயர்த்தினால், வளைவில் கவிழும் பயமும் கூடவே ஏறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வந்தது. தண்டனை வண்டிச் சொந்தக்காரருக்கு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதையே காரணம் காட்டலாம்.

கோவாவில் 2014 முதல் நடந்த மழைக்காட்டுப் போட்டி போன்ற பந்தயங்களுக்குப் போகும் வண்டிகள் பலவும் டிரெய்லரில் ஏற்றப்பட்டே போகின்றன. அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, தினம் ஆபீசுக்கு ஓட்டும் ஜீப்பையும் அப்படியே ஆக்கிக் கொடு என்று வந்து நிற்பவர்களால்தான் பட்டறைக்காரர்களுக்குத் தலைவலி. வேலை வேண்டாம் என்றால் வாடிக்கை அடுத்த சந்துக்குப் போய்விடும். செய்து கொடுத்தால், வண்டி பிடிபட்ட அன்று சண்டைக்கு வருவதும் அதே வாடிக்கைதான்.

அதனால் விவரமான டிங்கர்கள், வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்கள், வண்டி தோட்டத்துக்குள்தான் ஓடுமா, ரோட்டுக்கும் வருமா என்று விசாரிக்கிறார்கள். பழைய ஜீப்பின் முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது என்பது ஒரு வசதி. அசல் மட்கார்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய வேறொன்றை வெட்டுகிறார்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தச் சாக்கு மூட்டைக்கு நல்ல விலை உண்டு.