சாதாரண தரம் தவறிய பிள்ளைக்கும் தரம் 12இல் இடமுண்டு

சாதாரண தரப் பெறுபேறு வந்த சில நாள்களிலேயே தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைத் தோட்டப் பிள்ளைகள் சிலர் கொழும்பு பஸ் ஏறிவிடுகிறார்கள். கணிதத்தில் சித்தியில்லை, உயர்தர வகுப்பில் இடமில்லை. புறக்கோட்டைக் கடையில் வேலை இருப்பதாகச் சொந்தக்காரர் யாரோ சொல்லியிருப்பார். பிள்ளைக்கு வயது பதினாறு.

அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டுப் போக வேண்டியதில்லை. 2017இல் அரசு தொடங்கிய ‘13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி’த் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தரம் 12இல் சேரலாம். முதலில் 42 பாடசாலைகளில் தொடங்கிப் பிறகு விரிந்த திட்டம் இது. பொதுப் பாடங்களோடு தொழிற்பாடங்களும் உண்டு. மோட்டார் வாகனத் தொழினுட்பம், மின்னியல், கட்டுமானம், உணவு பதனிடல், சுற்றுலா, சிறுவர் பராமரிப்பு என 26 துறைகளிலிருந்து தெரிவு செய்யலாம். பிறகு பயிற்சி நிலையமொன்றில் ஒரு துறையைக் கைப்பழக்கமாகக் கற்றுத் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழோடு வெளியே வருவதுதான் இலக்கு.

ஆனாலும் ‘தொழிற்கல்வி’ என்றதும் தோட்டத்துப் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்கொரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டப் பிள்ளையின் படிப்பைத் தோட்டத் துரையின் பொறுப்பில் விட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எழுத்துக் கூட்டத் தெரியும் அளவுக்கு ஒரு படிப்பு. அதற்குப் பிறகு மலையில் வேலைதான். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்ட நிர்வாகத்தின் கையிலிருந்த பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமையும் போனது. 1972 கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டதால், எங்கள் பிள்ளைகள் அவற்றைக் கண்ணால் கூடக் காணவில்லை. அரசு இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

இப்படிப்பட்ட அனுபவமுள்ள பெற்றோரிடம் “கைத்தொழில் படிக்கட்டும்” என்றால், “மறுபடியும் எங்களைக் கூலிக்கே அனுப்பப் பார்க்கிறீர்களா?” என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

இன்றைய முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு என்பது தேர்ந்த தொழிலாளியின் தகைமை, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி இரத்மலானையில் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் உருவானது. மின் இணைப்பு வேலை கற்ற லயத்துப் பிள்ளை படிப்படியாக அங்கே வரை போகலாம். பெருந்தோட்ட உற்பத்தியும் மேலே சொன்ன 26 துறைகளில் ஒன்று. தோட்டத்து வேலைதானே என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது என்பேன். கொழுந்து பறிப்பதும் தேயிலை பதப்படுத்துவதும் ஒன்றல்ல. தொழிற்சாலையில் டீமேக்கராக நிற்பவருக்கு வாடலும் நொதித்தலும் அறிவியலாகவே தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவியலை ஆராயும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில், நம் கண்ணெதிரே இருக்கிறது.

பாடசாலைக்கு வெளியிலும் இடங்கள் உண்டு. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையும் பயிற்சிகளை நடத்துகிறது.

பெரிய சிக்கல் மொழிதான். தரம் 12 வரை தமிழில் படித்த பிள்ளை பயிற்சி நிலையத்துக்குப் போனால், போதனாசிரியர் சிங்களத்தில் மட்டும் விளக்குவது பல இடங்களில் நடக்கிறது. பட்டறையில் நின்று பார்த்துப் பழகிவிடலாம், ஆனால் எழுத்துப் பரீட்சையில் தடுமாறிப் பாதியில் நின்றுவிட நேரும். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்ததைப் போல, தமிழில் கற்பிக்கும் தொழிற்போதனாசிரியர்களை உருவாக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும். அதுவரை, பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் அதிபரிடம் கேட்க வேண்டியது இது: தரம் 13இல் பிள்ளை எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போகும், அங்கே பாடம் எந்த மொழியில் நடக்கும்?