கட்டிலுக்குக் கீழே ஒரு பதிப்பகம்

முன்கதவால் வேண்டாம். வீட்டைச் சுற்றி, கிணற்றடியைத் தாண்டி, குசினி வாசலால் வாங்க. தலையைக் கொஞ்சம் குனியுங்கள், உடுப்புக் கொடி இருக்கிறது. இடப்பக்க அறைதான். இப்போது கட்டில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்!

வந்தபோது ஆறு பெட்டிகள். பெட்டிக்கு ஐம்பது, ஆக முந்நூறு பிரதிகள். என் நண்பரின் முதல் சிறுகதைத் தொகுதி ஓர் இரவு கொழும்பிலிருந்து மன்னார் உப்புக்குளம் வந்து சேர்ந்தது. மன்னார்க் கருவாட்டை ஏற்றிக்கொண்டு கொழும்பு போகிற பஸ், திரும்பி வரும்போது இலக்கியத்தை ஏற்றி வந்திருக்கிறது. மேல் பெட்டியைத் திறந்து முகர்ந்தேன். அச்சு மையும் மணத்தது, நெத்தலியும் மணத்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு மன்னார்ப் புத்தகம் பிறக்க முடியுமா!

“இந்தப் பொட்டியெல்லாம் எப்ப போகும் மகன்?” நண்பரின் உம்மா வாசலில் நின்று கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. அட்டைப்படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் கடையில் பார்க்கிற தமிழ்ப் புத்தகம் முகம் கழுவி, பவுடர் போட்டு வந்தது. இங்கே அதன் படுக்கையறைக்குள் நிற்கிறோம். இலங்கையில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எழுத்தாளரே முதலாளி, அவரே விநியோகம், அவருடைய கட்டிலே களஞ்சியம். முந்நூறு, ஐந்நூறு என்று அடிப்பார்கள். ஆயிரம் அடித்தவரைக் கொஞ்சம் பயத்தோடு பார்ப்போம்.

அச்சுக்கு முந்திய ஆறு மாதமும் நான் கூட இருந்தேன். முதலில் எழுத்துருப் பிரச்சினை. நண்பர் பதினைந்து வருடமாகப் பாமினியில் தட்டச்சு செய்பவர். வடிவமைத்த தம்பியோ யுனிகோட் தலைமுறை. மாற்றியில் போட்டு எடுத்தபோது பாதி எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அதைத் திருத்தத் திருத்தப் புதிய பிழைகள். ஒரு கதையில் மீனவன் கடலில் வளையை வீசினான். வலையைத்தான்! மூன்று மெய்ப்பு பார்த்தோம், மூன்றிலும் அவன் வளையையே வீசினான். நான்காவதில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் பிடிபட்டது. “என்ன, பொண்டாட்டிட வளையலையா எறியிறான்?” என்றார் அவர். அச்சுப்பேயை ஓட்டுகிற மந்திரம் உரக்க வாசிப்பதுதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது பாரக் கணக்கு. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஏழு பாரம் என்றால் 112 பக்கம். 113ஆவது பக்கம் வந்தால் இன்னொரு பாரத்துக்குக் காசு. எங்கள் புத்தகத்தில் ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை எல்லாம் சேர்ந்தபோது 119 ஆகிவிட்டது. எதைக் குறைப்பது? வாழ்த்துரை தந்தவர்களை வெட்ட முடியாது, விழாவுக்கு வருவார்கள். கடைசியில் நண்பர் ஒரு கதையை எடுத்துவிட்டார்! வாசகர்களே, ஈழத்துத் தொகுதி ஒன்றில் கதை குறைவாகவும் வாழ்த்து அதிகமாகவும் இருந்தால், இனிமேல் காரணம் தெரியும்.

பிறகு கொழும்பில் இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிலிருந்து ISBN எண் வந்தது. 978 என்று தொடங்கி, இலங்கைக்கான குறியீட்டையும் சேர்த்துப் பதின்மூன்று இலக்கங்கள். நண்பரின் மகள் அதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்தாள்.

இனி வெளியீட்டு விழா. இதுதான் நம் பதிப்புத் தொழிலின் இதயம், ஆனால் யாரும் எழுதுவதில்லை. மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று மேடையில் ஒரு நாடகம் நடக்கும். உண்மையான நாடகம் மேடைக்குக் கீழே, கதவுக்குப் பக்கத்து மேசையில். அங்கேதான் என்வலப்புகள் வருகின்றன. முதற்பிரதி வாங்குகிறவர் பெரிய என்வலப் கொடுப்பார். சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் அடுத்தடுத்த அளவில். பிறகு சபை வரிசையாக எழுந்து போய்ப் புத்தகம் பெற்று, படம் எடுத்து, மிக்சர் பொதியோடு வெளியேறும். கொழும்பில் முதற்பிரதி என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் புரவலர் ஹாசிம் உமர். எத்தனையோ விழாக்களில் முதற்பிரதி வாங்கியவர் அவர். புதியவர்களின் முதல் நூல்களை வெளியிடவே ‘புரவலர் புத்தகப் பூங்கா’ என்ற திட்டத்தையும் நடத்தியவர். ஊருக்கு ஒரு ஹாசிம் உமர் இருந்தால் பல கட்டில்களுக்குக் கீழே பாம்பு பூச்சி வராமல் சுத்தமாக இருக்கும்!

எங்கள் விழா முடிந்த அன்றிரவு பாயை விரித்து என்வலப்புகளை எண்ணினோம். கலியாண வீட்டுக் கணக்கு மாதிரியே கொப்பியில் பெயரும் தொகையும். ஏன் எழுத வேண்டும்? நாளைக்கு அவர் புத்தகம் போட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! ஓர் என்வலப்பில் ஒன்றுமே இல்லை. அழகான கையெழுத்தில் ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. நண்பர் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வேளையிலும் எனக்கு வேல்ஸ் ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது. கொஞ்ச நாளாக எனக்கு வெல்ஷ் புத்தகப் பைத்தியம். பெரிய பிரித்தானியாவின் மேற்கு ஓரத்தில், 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 5,38,000 பேர் மட்டும் பேசுகிற மொழி. எட்டுக் கோடித் தமிழோடு பார்த்தால் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் ஓர் ஒற்றுமை என்னைத் துள்ள வைத்தது. வெல்ஷ் மொழியில் அச்சான முதல் புத்தகம் 1546இல் வந்தது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது 1554இல், லிஸ்பனில், ரோமன் எழுத்தில். எட்டே வருட இடைவெளி! இரண்டுமே செபங்களைச் சுமந்த சின்னப் புத்தகங்கள்.

அங்கே கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ தெரியாது, ஆனால் அபெரிஸ்ட்வித் ஊரில் வேல்ஸ் நூல் பேரவை இருக்கிறது. 1961இல் தொடங்கியது. மானியம், செம்மையாக்கம், வடிவமைப்பு, கடைகளுக்கு அனுப்புகிற விநியோகக் களஞ்சியம் எல்லாம் அதன் வேலை. பக்கத்து டாலிபொண்ட் கிராமத்தில் 1967இலிருந்து ‘அ லொல்வா’ என்ற பதிப்பகம் அச்சகத்தோடு ஓடுகிறது. எங்கள் மன்னார்ப் பள்ளிமுனைப் பெருக்கமரத்துப் பக்கம் ஓர் அச்சகம் இருந்து, அங்கிருந்தே நாடு முழுக்கப் புத்தகம் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

மானொன் ஸ்டெஃபான் ரோஸ் 2018இல் வெல்ஷில் ஒரு குறுநாவல் எழுதினார். அணு அழிவுக்குப் பிறகு தனித்துப் போன ஒரு தாயும் மகனும் ஒரே நீலக் கொப்பியில் மாறி மாறி எழுதுகிற கதை. பெயர் ‘நெபோவின் நீலப் புத்தகம்’. அவரே அதை ஆங்கிலமாக்கினார். 2023இல் அதற்குப் பிள்ளைகள் நூலுக்கான கார்னகி பதக்கம். மொழிபெயர்ப்பு நூலொன்றுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

சரி, பெரியவர்களுக்கு நாவல், பிள்ளைகளுக்குப் பரிசுக் கதைகள். இது நம்மிடமும் உண்டே என்பீர்கள். உண்டு! மன்னார்க் கரையை வாசிக்க எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’, ‘தெம்மாடுகள்’, ‘வாசாப்பு’ நாவல்கள் இருக்கின்றன. சயந்தனின் ‘ஆதிரை’ இருக்கிறது. பிள்ளைகளுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவர் காலத்திலிருந்தே பாட்டு இருக்கிறது, இப்போது வண்ணப்படக் கதைகளும் வருகின்றன.

என் வயிற்றெரிச்சல் மூன்றாவது தட்டில். ‘அம்டானி’ என்று வெல்ஷில் ஒரு வரிசை, 2018இல் ஆரம்பம். பெயருக்கு ‘இறங்கிப் பார்’ என்கிற மாதிரிப் பொருள். வளர்ந்த பிறகு வெல்ஷ் கற்பவர்களுக்காகவே எழுதிய கதைப் புத்தகங்கள். நுழைவு, அடித்தளம், இடைநிலை, மேல்நிலை என்று நான்கு படிகள். கொலை மர்மம் இருக்கிறது, காதல் இருக்கிறது. கடினமான சொல்லுக்குக் கூடவே பொருள் இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு ‘அணில், ஆடு’ புத்தகத்தைக் கொடுத்து அவமானப்படுத்துவதில்லை!

நம்மிடம் இந்தத் தட்டு கிட்டத்தட்டக் காலி. ஆனால் வாசகர்கள் இல்லையா? 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து எத்தனை சிங்கள உத்தியோகத்தர்கள் தமிழ்ப் பாடக் கொப்பியோடு மாரடிக்கிறார்கள்! விண்ணப்பப் படிவத் தமிழைக் கற்றுப் பரீட்சையில் தேறி, பிறகு வாசிக்க ஒரு கதை கிடைக்காமல் மறந்துபோகிறார்கள். ஒஸ்லோவிலும் டொரொண்டோவிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான்.

இந்தத் தட்டு காலியாக இருப்பது மன்னாருக்கு இரட்டை வெட்கம். ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கான முதல் இலக்கணத்தை எழுதியவர் போர்த்துக்கேயக் குருவானவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர் அவரேதான். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்த மறுவருடம் இந்தத் தீவிலிருந்து அவர் கடிதங்கள் எழுதியிருக்கிறார். தமிழ் கற்கும் அந்நியருக்கு முதலில் புத்தகம் எழுதிய மனிதர் நம் மண்ணில் நடந்திருக்கிறார்! அவருடைய இலக்கணம் நானூறு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. கட்டிலுக்குக் கீழே கிடக்கிற புத்தகங்களின் பெரியப்பா அதுதான்.

ஆகவே நானும் நண்பரும் இறங்கிப் பார்த்தோம். முந்நூறு வெவ்வேறு சொற்களுக்கு மேல் போகாத ஒரு கதை. கருவாட்டுக் களவு பற்றிய துப்பறியும் கதை! முதல் பக்கத்திலேயே சண்டை வந்தது. ‘வந்துவிட்டான்’ என்று எழுதுவதா, ‘வந்திட்டான்’ என்று எழுதுவதா? புத்தகத் தமிழைக் கற்றுக்கொடுத்தால் மீன் சந்தையில் யாருக்கும் புரியாது. சந்தைத் தமிழைக் கற்றுக்கொடுத்தால் அறிவிப்புப் பலகை புரியாது. வெல்ஷிலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் இதே இழுபறி உண்டு. கடைசியில் கதைசொல்லி எழுத்துத் தமிழில் சொல்வார், பாத்திரங்கள் மன்னார்த் தமிழில் பேசும் என்று உடன்பட்டோம். அடுத்த சண்டை மீன் பெயர்கள். சூடை, கீரி, பாரை, திருக்கை, சுறா, நெத்தலி என்று முதல் அத்தியாயத்திலேயே சொல் வரவு செலவுத் திட்டம் காலி! “மச்சான், எல்லாத்தையும் மீன் எண்டே எழுதுவம்” என்றேன். “அப்ப உப்புக்குளத்தில எவனும் வாசிக்க மாட்டான்” என்றார். பாரையும் நெத்தலியும் மட்டும் தப்பின.

சோதனை வாசகர் கிடைத்தார். பக்கத்து வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற, தமிழ் கற்கிற குருநாகல்காரர், வங்கியில் வேலை. பென்சிலைக் கையில் கொடுத்து, விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னோம். குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோம், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி. முதல் பக்கத்தில் ஒன்பது கோடு. இரண்டாவதில் ஆறு. மூன்றாவது பக்கத்தில், பூனையைப் பொலிஸ் விசாரிக்கிற இடத்தில், மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்! தமிழில்தான் சிரித்தார் என்று நண்பர் இன்றும் சத்தியம் செய்கிறார்.

இப்போது கதை பதினொரு பக்கம் வந்திருக்கிறது. இரண்டு பாரத்தில் முடிக்க எண்ணம், வாழ்த்துரை கிடையாது. கண்டியிலோ காலியிலோ தமிழ் படிக்கிற சிநேகிதர் உங்களுக்கு இருந்தால், அவருக்காக ஒரு சின்னக் கதை எழுதிப் பாருங்கள். உப்புக்குளம் பக்கம் வந்தால் குசினி வாசலால் கூப்பிடுங்கள், பென்சில் தருகிறோம். சிறுகதைத் தொகுதியில் இன்னும் 112 பிரதிகள் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.