அழாதவரெல்லாம் கல் நெஞ்சுக்காரரா? - எம்பதி பற்றி மூளை சொல்லும் கதை

துக்க வீடு. பாட்டி இறந்துவிட்டார். கூடம் முழுக்க அழுகைச் சத்தம். அந்தப் பாட்டி சோறு ஊட்டி வளர்த்த 22 வயசுப் பேரன் மட்டும் மூலையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "வளர்த்த பாசம்கூட இல்லையே... கல் நெஞ்சுக்காரன்டா இவன்" என்று முணுமுணுக்கிறார் சித்தப்பா. ஆறு மாசமாகவே அவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, நண்பர்களின் போனை எடுப்பதில்லை என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிளாஸில், ஹாஸ்டலில், ஏன்... உங்கள் வீட்டிலேயேகூட. 'ஃபீலிங்கே இல்லாத ஜென்மம்', 'திமிர் பிடிச்சவன்' என்று ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டு நகர்ந்திருப்போம். அந்தப் பட்டப்பெயருக்குப் பின்னால் சில நேரம் ஒரு மனநோய் இருக்கலாம். அது எப்படி என்று தெரிந்துகொள்ள, முதலில் எம்பதி என்றால் என்னவென்று பார்த்துவிடலாம்.

எம்பதி ஒன்றல்ல, மூன்று!

'அடுத்தவர் இடத்தில் நின்று யோசிப்பது' என்று எம்பதியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். மூளைக்கு அது ஒரே வேலை கிடையாது. எளிமையாக மூன்றாகப் பிரிக்கலாம். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. அவருடைய வலி நமக்கும் வலிப்பது இரண்டாவது. அந்த உணர்வை முகத்திலும் பேச்சிலும் வெளியே காட்டுவது மூன்றாவது.

முதல் வேலைக்கு நம் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம். வெயிலில் அலைந்துவிட்டு வரும் அப்பா, "அப்பப்பா... என்ன வெயில், தொண்டையெல்லாம் வறண்டுபோச்சு" என்கிறார். அவர் வானிலை அறிக்கை வாசிக்கவில்லை, தண்ணி கேட்கிறார். இது உங்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். அந்த ஒரு நொடியில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியும், காதுக்கு மேலே சற்றுப் பின்பக்கம் இருக்கும் பகுதியும் சேர்ந்து பெரிய வேலை பார்த்திருக்கின்றன.

இரண்டாவது வேலைக்கு வேறு பகுதிகள். 2004-ல் தானியா சிங்கர் என்ற ஆய்வாளரின் குழு, லண்டனில் 16 காதல் ஜோடிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தது. பெண்ணை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, சில நேரம் அவர் கையிலும், சில நேரம் பக்கத்தில் இருக்கும் காதலர் கையிலும் சுருக்கென்று மின்சாரம் கொடுத்தார்கள். காதலருக்கு ஷாக் என்று தெரிந்தாலே போதும்... தனக்கு வலிக்கும்போது வேலைசெய்யும் 'இன்சுலா' போன்ற பகுதிகள் அந்தப் பெண்களின் மூளையில் வேலைசெய்தன. 'உனக்கு அடிபட்டா எனக்கு வலிக்குது' என்பது வெறும் சினிமா டயலாக் இல்லை பாஸ்!

மூன்றும் தனித்தனி வேலை என்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது நன்றாக இருக்கலாம். இதுதான் முக்கியம்.

முகம் சொல்லாது, மனசு சொல்லும்

மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரினியா, பெரும்பாலும் டீன் ஏஜின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும் நோய். அதாவது, இதை வாசிக்கும் உங்களில் பலரின் வயசு. காதில் குரல் கேட்பதும், காரணமில்லாத சந்தேகமும்தான் பலருக்குத் தெரிந்த அறிகுறிகள். சத்தமில்லாமல் அடிவாங்குவது, முதல் வேலையும் மூன்றாவது வேலையும்.

1995-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மனச்சிதைவு உள்ளவர்களிடம், அப்பா தண்ணி கேட்ட மாதிரியான குட்டிக் குட்டிக் கதைகளைச் சொல்லி, "இவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டார்கள். ஜாடையைப் பிடிக்க அவர்களில் பலர் திணறினார்கள். சிலருக்கு இதே சிக்கல் நேர்மாறாகவும் வரும். தெருவில் இரண்டு பேர் சிரித்தால், 'என்னைப் பத்தித்தான் சிரிக்கிறாங்க' என்று தோன்றும். இல்லாத அர்த்தத்தை மூளை தானாக எழுதிக்கொள்கிறது.

அடுத்தது, அந்தப் பேரனுக்காகவே செய்தது போன்ற ஓர் ஆய்வு. 1996-ல் ஆன் கிரிங், ஜான் நீல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உணர்ச்சிகரமான படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்களின் முகத்தில் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. ஆனால், 'உள்ளே எப்படி இருந்தது?' என்று கேட்டால், மற்றவர்களுக்குக் குறையாத உணர்ச்சியைச் சொன்னார்கள். தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்து பார்த்தபோது, உடம்பு மற்றவர்களைவிட அதிகமாகவே பதறியிருந்தது.

அழுகை உள்ளேதான் இருந்தது. வெளியே வரும் வழிதான் அடைபட்டிருந்தது.

மாத்திரை குரல்களையும் சந்தேகத்தையும் பெருமளவு குறைக்கும். ஆனால், அடுத்தவர் மனசைப் படிக்கும் திறனில் பெரிய மாற்றம் கொண்டுவராது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் பழையபடி கலகலன்னு பேச மாட்டேங்கிறானே" என்று வீட்டில் நொந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவன் முயற்சி செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை.

'சைக்கோ' வேறு, மனச்சிதைவு வேறு

நாம் கூசாமல் பயன்படுத்தும் 'சைக்கோ' என்ற வார்த்தையையும் இங்கேயே பேசிவிடலாம். சைக்கோபதி கிட்டத்தட்ட தலைகீழ் கதை. அவர்களுக்கு அடுத்தவர் மனசைப் படிக்கத் தெரியும். அந்த வலி தனக்கு வலிப்பதுதான் குறைவு. 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வாளர்களின் ஆய்வில், சைக்கோபதி உள்ள குற்றவாளிகள் அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது அவர்களின் மூளை கம்மியாகவே அசைந்தது. 'அவரோடு சேர்ந்து உணருங்கள்' என்று கேட்டுக்கொண்டபோது, அதே பகுதிகள் கணிசமாக விழித்துக்கொண்டன. மனச்சிதைவு உள்ளவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது பெரிய அநியாயம். அவர்கள் வன்முறை செய்பவர்களாக இருப்பதைவிட, வன்முறைக்கு ஆளாகிறவர்களாக இருப்பதுதான் அதிகம்.

மனஅழுத்தத்தில் இருப்பவரின் கதை இன்னொரு விதம். சும்மா இருக்கும் முகம்கூட அவருக்குக் கோபமாகவோ சோகமாகவோ தெரியலாம். நீங்கள் அவசரத்தில் அனுப்பிய 'ஓகே' மெசேஜ், 'இனி பேசாதே' என்று அவருக்குக் கேட்டிருக்கலாம். அவர் திடீரென ஒதுங்கிப்போனது உங்கள் மேல் பாசம் இல்லாததால் அல்ல.

பயிற்சியால் மாறுமா?

ஓரளவுக்கு மாறும். முகங்களைப் படிப்பது, 'வேறு காரணமும் இருக்கலாமே' என்று யோசித்துப் பார்ப்பது போன்றவற்றைக் குழுவாக உட்கார்ந்து பழகும் பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால், வெளிநாட்டுக் கதையையும் ஜாடையையும் வைத்து நம் ஊர்க்காரரைச் சோதித்தால் சரியாக வராது. அதனால்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், இந்தியச் சூழலுக்கு ஏற்ற சோதனைகளை உருவாக்கி 2011-ல் வெளியிட்டார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஜாடை வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். "உனக்கே தெரியணும்" என்பதற்குப் பதில், "எனக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் பக்கத்துல இரு" என்று சொல்லலாம்.

* முகத்தைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். "உள்ளே எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வர நேரம் கொடுங்கள்.

* கிண்டல், குத்தல் பேச்சைக் குறையுங்கள். ஜோக் என்று நீங்கள் நினைப்பது அங்கே வேறு அர்த்தத்தில் போய்ச்சேரலாம்.

* அழாத எல்லோருக்கும் நோய் என்று நினைக்க வேண்டாம். சிலர் இயல்பிலேயே அப்படித்தான். ஆனால், வாரக்கணக்கில் ஒதுங்கியிருப்பது, குளிப்பதையும் சாப்பிடுவதையும் விட்டுவிடுவது, தூக்கம் கெடுவது, தனியாகப் பேசுவது, எல்லோர் மேலும் சந்தேகம் என்று மாற்றங்கள் தெரிந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது.

* எங்கே போவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம்.

திரும்பவும் அந்தத் துக்க வீட்டுக்கு வருவோம். "ஏன்டா அழல?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "ஆறு மாசமா நீ சரியில்லையேடா, என்ன ஆச்சு?" என்று கேட்க ஒருவர்கூட இல்லை. அவன் கல் நெஞ்சுக்காரன் என்று முடிவானதும், அவனை டாக்டரிடம் கூட்டிப்போகும் யோசனையும் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்தமுறை உங்கள் வட்டத்தில் ஒருவருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் விழும்போது, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்.