அடுத்து எதை வாசிப்பது?



எங்கள் வீடுகளில் அனேகமாக ஒரு புத்தகத் தட்டு இருக்கும். நூல் வெளியீட்டு விழாக்களில் மரியாதைக்காக வாங்கியவை, ஊருக்குப் போய் வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தவை, நண்பர்கள் கையொப்பமிட்டுத் தந்தவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். சிலவற்றில் பத்தாம் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு அடையாளமாகச் செருகியபடியே கிடக்கும். வேலையால் வந்து, சமைத்து, பிள்ளைகளை நீச்சலுக்கும் நடன வகுப்புக்கும் ஏற்றி இறக்கி, இரவு பத்து மணிக்குச் சோபாவில் சாயும்போது அந்தத் தட்டைப் பார்த்தால் ஆசை வருவதில்லை. குற்ற உணர்வுதான் வருகிறது. கை தானாகவே தொலைபேசியை எடுக்கிறது.

"வாசிக்க நேரமில்லை" என்று சொல்கிறோம். நேரம் குறைவு என்பது உண்மைதான். இரண்டு வேலை செய்பவர்கள், இரவு ஷிப்ட் செய்பவர்கள், வீட்டில் முதியவரைப் பராமரிப்பவர்கள் எங்கள் நேயர்களில் ஏராளம். ஆனால் கிடைக்கிற இருபது நிமிடத்திலும் எதை எடுப்பது என்று யோசித்து யோசித்தே அதை இழந்துவிடுகிறோம் என்பதும் உண்மை. ஆகவே இந்த மாத உரையில், அடுத்த புத்தகத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதைப் பற்றி மட்டும் பேசலாம்.

வாசகரின் நேரம் பெறுமதியானது

சீர்காழியில் 1892 இல் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931 இல் நூலாக வெளிவந்தன. இன்று உலகெங்கும் நூலகத்துறை மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். புத்தகம் பாவனைக்கு உரியது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பன அந்த விதிகளின் கருத்துக்கள். நான்காவது விதிதான் இன்று எங்களுக்கு வேண்டியது: வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது.

இந்தப் பெரியவருக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. க. மு. செல்லப்பா என்ற அன்பர் 1933 இல் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சிதான் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. அதற்குப் பெரிய கட்டடம் அமைக்கத் திட்டமிட்டபோது ஆலோசனை வழங்கியவர் இரங்கநாதன். 1959 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அதை நினைத்து ஒவ்வோர் ஆண்டும் வருந்துகிறோம். வருந்தத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும் புத்தகம் திறக்கப்படாமல் கிடப்பதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த புத்தகத்தைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது கேள்வி: எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

"எது நல்ல புத்தகம்?" என்று தொடங்குவதால்தான் சிக்கல் வருகிறது. நல்ல புத்தகங்கள் ஆயிரம் உண்டு. எனக்குக் கிடைக்கும் நேரத்துக்குள் அடங்குவது எது என்று கேட்டால் பட்டியல் சுருங்கிவிடும்.

ஒரு சிறிய கணக்குப் போடலாம். சாதாரண தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம். ரொறன்ரோ பொது நூலகத்தில் ஒரு புத்தகத்தை 21 நாட்களுக்கு இரவல் தருகிறார்கள். நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் 21 நாளில் 210 பக்கம். அதாவது, ஓர் அளவான நாவலை ஒரு தவணைக்குள் முடித்துவிடலாம். இப்படிக் கணக்குப் பார்த்தால் வாசிப்பு எட்டாத காரியமாகத் தெரியாது.

உங்கள் இருபது நிமிடம் பஸ்ஸிலும் சப்வேயிலும் துண்டு துண்டாகக் கிடைக்கிறதா? சிறுகதைத் தொகுதியை எடுங்கள். கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் பணியாற்றி, இப்போது கனடாவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள் இதற்கு மிகவும் பொருத்தம். ஒரு கதையை ஒரு பயணத்தில் முடித்துவிடலாம். மறுநாள் "எங்கே விட்டேன்?" என்று தேட வேண்டியதில்லை. சயந்தனின் 'ஆதிரை' (2015) போன்ற பெரிய நாவலை நத்தார் விடுமுறைக்கோ கோடை விடுமுறைக்கோ ஒதுக்கி வையுங்கள். பெரிய நாவலை வாரத்துக்கு நான்கு பக்கமாக வாசித்தால் பாத்திரங்களின் பெயரே மறந்துவிடும். பிழை நாவலிலும் இல்லை, உங்களிலும் இல்லை. நேரமும் புத்தகமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: என் மனம் இப்போது எதைத் தாங்கும்?

மற்றச் சமூகங்களைவிட எங்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. எங்கள் எழுத்தாளர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுதியவற்றில் பெரும்பகுதி போரையும் இடப்பெயர்வையும் பற்றியது. அவற்றை வாசிப்பது எங்கள் கடமை என்று பலர் நினைக்கிறார்கள். பங்கருக்குள் இருந்தவருக்கும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவருக்கும் அது வெறும் கதை அல்ல. இரவு பதினொரு மணிக்கு அப்படி ஒரு புத்தகத்தைத் திறந்தால் அன்றைய நித்திரை போய்விடும். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு வேலைக்கு எழும்ப வேண்டும்.

ஆகவே அத்தகைய புத்தகத்தைப் பகலில், விடுமுறை நாளில், வீட்டில் வேறு ஆட்கள் இருக்கும்போது வாசியுங்கள். ஓர் அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். இப்போது முடியாது என்றால் ஒத்திப்போடுங்கள். ஒத்திப்போடுவதால் எங்கள் மக்களை மறந்துவிட்டோம் என்று ஆகாது. வாசித்தபின் பல நாட்கள் கெட்ட கனவுகளும் பதற்றமும் தொடர்ந்தால் அதைக் குடும்ப வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வேறு சிலருக்கு இதே புத்தகங்கள் ஆறுதல் தருகின்றன. "எனக்கு நடந்தது எனக்கு மட்டும் நடக்கவில்லை" என்ற எண்ணம் பெரிய மருந்து. அப்படியானவர்கள் வாசிக்கட்டும். ஒரே வீட்டில் கணவர் தேடி வாசிப்பதை மனைவி தொட விரும்பாமல் இருக்கலாம். இருவரும் சரிதான்.

களைத்த இரவுக்குச் சிரிக்க வைக்கும் புத்தகம் வேண்டும். செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' அப்படியான ஒரு நாவல். போருக்கு முந்திய எங்கள் ஊர்ப் பேச்சும் பகிடியும் அதில் இருக்கின்றன. சிரிப்பதற்காக வாசிப்பது தரம் குறைந்த வாசிப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: இதை யாரோடு பகிரலாம்?

நேரம் குறைந்த குடும்பத்தில் ஒரு புத்தகம் இருவருக்குப் பயன்பட்டால் அது இரட்டிப்பு இலாபம்.

இங்கே பல வீடுகளில் உள்ள நிலைமையைப் பாருங்கள். அம்மம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும், கண் பார்வை போதாது. பேரப்பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும், தமிழ் எழுத்துத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் இருவருக்கும் கேட்டால் விளங்கும். நடுவில் இருக்கும் தாயோ தந்தையோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உரத்து வாசித்தால் மூவரும் ஒரே புத்தகத்தை வாசித்ததாகும். ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டதை மூத்த நேயர்கள் கண்டிருப்பார்கள். அதே வழக்கம்தான். "கிடுகு எண்டால் என்ன அம்மம்மா?" என்று பிள்ளை கேட்கும். அம்மம்மா சொல்லத் தொடங்குவார். புத்தகம் அன்றைக்கு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும், அதுதான் வேண்டியது.

பிள்ளைகளுக்குத் தெரிவு செய்யும்போது நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஐந்து பாகம் 'பொன்னியின் செல்வ'னையும் ஒரே தடவையில் மேசையில் அடுக்கினேன். நான் அந்த வயதில் வாசித்தேன் என்பதுதான் காரணம். அவள் முதல் பாகத்தில் மூன்று பக்கம் வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வருடம் தமிழ்ப் புத்தகம் எதையுமே தொடவில்லை. எனக்குப் பிடித்ததை அவளுக்குக் கொடுத்தேனே தவிர, அவளால் ஏற முடிந்த படியைப் பார்க்கவில்லை. பிறகு அவளே நூலகத்தில் ஒரு மெல்லிய படக்கதைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவள் வயதுக்கு அது மிகவும் சிறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அதை முடித்தாள். அடுத்ததையும் எடுத்தாள்.

வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் வாசிப்பார்கள் என்றால் அதிலும் வழி உண்டு. வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' என்ற ஆங்கில நாவல் 2023 இல் வெளிவந்து, 2024 இல் பிரித்தானியாவின் பெண் எழுத்தாளர்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவராக விரும்பும் ஓர் இளம் பெண்ணின் கதை. பாரமான கதை என்பதால் பல்கலைக்கழகம் போகும் வயதுக்குப் பொருந்தும். பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். "இன்றைக்கு வாசித்ததைச் சொல்லு" என்று கேளுங்கள். "நீங்கள் ஏன் அம்மா நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு இருபது வருடமாகப் பதில் சொல்ல முடியாமல் இருந்தவர்கள் உண்டு. வேறொருவரின் கதையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கள் கதையைச் சொல்லவும் ஒரு கதவு திறக்கும்.

பிடிக்காவிட்டால் என்ன செய்வது?

எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டோம். சியாட்டில் நகரில் நூலகராக இருந்த நான்சி பேர்ள் என்ற அம்மையார் ஒரு சுலபமான விதி சொல்கிறார். உங்களுக்கு ஐம்பது வயது வரை என்றால் ஐம்பது பக்கம் வாசித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழிக்க வேண்டும். 65 வயதானவருக்கு 35 பக்கம் போதும். 80 வயதானவருக்கு 20 பக்கம். வயது கூடக் கூட நேரம் பெறுமதியாகிறது என்பதுதான் கணக்கு.

பாதியில் விட்ட புத்தகத்தைத் தட்டில் திரும்ப வைத்துக் குற்ற உணர்வோடு பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விருப்பமானவரிடம் கொடுங்கள். அதற்கான வாசகர் வேறு யாராவது இருப்பார்.

எங்கே எடுப்பது?

வாங்கித்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. உங்கள் கிளையில் இல்லாததை வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். தண்டப்பணத்துக்குப் பயந்து நூலகத்தைத் தவிர்த்தவர்கள் கவனிக்கவும்: பிந்திக் கொடுப்பதற்கான தண்டப்பணம் 2022 இல் அங்கே முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. தொலைத்துவிட்டால் விலை கொடுக்க வேண்டும்.

இணையத்தில், 2005 இல் தொடங்கிய 'நூலகம்' தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியங்கள் உள்ளன. சிறு பிள்ளைகளுக்கு 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால் கண் பார்வை குறைந்தவர்களுக்கும் இவை உதவும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

கடைசியாக ஒரு நடைமுறை ஆலோசனை. புத்தகத்தைக் களைத்திருக்கும்போது தெரிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று புத்தகங்களை மட்டும் வெளியே எடுங்கள். ஒன்று பயணப் பையில் வைக்கும் சிறிய புத்தகம். ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் இலேசான புத்தகம். ஒன்று வீட்டில் எல்லோருக்கும் உரத்து வாசிக்கும் புத்தகம். மற்றவை தட்டிலேயே இருக்கட்டும். அவை எங்கேயும் ஓடிவிடமாட்டா.

மூன்றில் ஒன்றைத்தான் தொட முடியும் என்றால் மூன்றாவதைத் தொடுங்கள். பயணப் புத்தகம் அடுத்த வருடமும் இருக்கும். "கிடுகு எண்டால் என்ன?" என்று கேட்கும் பிள்ளையும், பதில் சொல்லும் அம்மம்மாவும் ஒரே மேசையில் இருக்கும் காலம் நீளமானதல்ல.