ஒரு நகரமே செபித்த ஆட்டக்காரர்

1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. மறையுரை ஆற்ற எழுந்த ஹெர்பர்ட் ரெட்மண்ட் அடிகளார், இவ்வெப்பத்தில் மறையுரை வேண்டாம் என்றார். வீடு சென்று கட்டளைகளைக் கடைப்பிடிக்குமாறும், கில் ஹாட்ஜசுக்காக ஒரு செபம் சொல்லுமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார்.

யார் இந்தக் கில் ஹாட்ஜஸ்? படுக்கையில் கிடந்த நோயாளியா? இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர்!

1924 ஏப்ரல் 4-ஆம் நாள் இந்தியானா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் தரைவீரராக ஒக்கினாவாவில் போரிட்டு வெண்கல விண்மீன் பதக்கம் பெற்றார். திரும்பி வந்து முதல் தளக் காவலராகவும், மட்டை வீச்சில் வலிமை மிக்கவராகவும் விளங்கினார். பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடியை 'ஹோம் ரன்' என்பர். கிரிக்கெட்டின் 'சிக்ஸர்' போன்றது. 1950 ஆகஸ்டு 31-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் அத்தகைய அடிகள் நான்கினை அடித்தார். 1949 முதல் 1955 வரை ஏழு ஆண்டுகளும் தொடர்ந்து, ஆண்டொன்றுக்கு நூறுக்கு மேற்பட்ட ஓட்டங்களைத் தம் மட்டையால் அணிக்கு ஈட்டித் தந்தார்.

இத்தகைய வீரருக்கும் சோதனை வந்தது. 1952-ஆம் ஆண்டின் 'உலகத் தொடர்' போட்டியில் 21 முறை மட்டை பிடித்தும் ஒருமுறைகூட நல்லடி கிட்டவில்லை. அணி தோற்றது. மறு ஆண்டு இளவேனிலிலும் தளர்ச்சி நீங்கவில்லை. வேறொருவராயின் மக்கள் கூக்குரலிட்டு ஏளனம் செய்திருப்பர். ஆனால், சினந்து பேசாத, நடுவரிடம் வாதாடாத இம்மனிதரைப் புரூக்ளின் மக்கள் ஏளனம் செய்யவில்லை. ஆறுதல் மடல்களும் செபமாலைகளும் அனுப்பினர். அவ்வேளையில்தான் அடிகளாரின் வேண்டுகோள் எழுந்தது.

செபம் மட்டும் போதுமென்று அவர் சும்மா இருக்கவில்லை. பந்து வரும்போது முன்கால் விலகிச் செல்லும் பழைய குறையைத் திருத்த உழைத்தார். அவ்வாண்டு முடிவில் 31 ஹோம் ரன்களும் 122 ஓட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன. 1955 அக்டோபர் 4-ஆம் நாள், உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் யாங்கீஸ் அணியை டாட்ஜர்ஸ் 2-0 என வென்றது. அவ்விரு ஓட்டங்களும் ஹாட்ஜசின் மட்டையால் வந்தவை! புரூக்ளினில் இருந்தவரை அவ்வணி பெற்ற ஒரே உலகப் பட்டம் அதுவே.

370 ஹோம் ரன்களுடன் ஆட்டத்தை நிறைவு செய்து, பயிற்றுநரானார். 1962-இல், தன் முதல் ஆண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்ற மெட்ஸ் அணியை, 1969-இல் உலகப் பட்டம் பெறச் செய்தார். 1972 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழா அன்று மாரடைப்பால் இறந்தார். 48 வயது நிறைய இரு நாட்களே இருந்தன. பல்லாண்டு மறுக்கப்பட்ட 'புகழ்க்கூட' இடம், 2022-ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்தது. அவருடைய மனைவி ஜோன், அந்நாளைக் கண்ட பின்பே அவ்வாண்டு செப்டம்பரில் கண்மூடினார்.

வென்றவனைப் போற்றுவது எளிது. தேர்வில் தவறிய மகனையும், வேலையிழந்து வீடு திரும்பும் கணவனையும் நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? ஏளனமா, செபமா? புரூக்ளின் மக்கள் அன்று அளித்த விடையை நம் இல்லங்களிலும் நாம் அளிப்போமாக.