டிவி படத்தின் ஓரம் எங்கே போச்சு?

மழை நாளில் காலையில் டிவியில் நாம முதலில் தேடுவது எது? கீழே ஓடும் பள்ளி விடுமுறைச் செய்திதானே! எங்க வீட்டு டிவியில் அந்த எழுத்தின் அடிப்பாதி தெரியாது. ஒருநாள் லீவு என்று தெரியாமல் நானும் தம்பியும் நனைஞ்சுகிட்டே வந்தோம். கேட் பூட்டியிருந்தது.

ரிப்பேர் என்றார் அப்பா. ரிப்பேர் இல்லீங்க!

அப்புச்சி வீட்டில் 2006-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச கலர் டிவி இருக்கு. அந்த மாதிரி குழாய் டிவியில் கரண்ட் ஏறி இறங்கினால் படமும் சுருங்கி விரியும். ஓரத்தில் கறுப்பு தெரியக் கூடாதுன்னு படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிசாவே விழ வைத்தார்கள். இதுதான் ஓவர்ஸ்கேன். தட்டை டிவிக்கு இது தேவையே இல்லை. ஆனாலும் பல டிவிகளில் அந்தப் பழக்கம் போகவில்லை.

ரிமோட்டில் மெனு, பிக்சர், ஆஸ்பெக்ட் ரேஷியோ போங்க. 'ஜூம்' இருந்தால் '16:9' ஆக்குங்க. அப்பவும் ஓரம் வெட்டினால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதை வைங்க. செட்டாப் பாக்ஸ் மெனுவிலும் 16:9 வேணும். பழைய படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் விட்டுடுங்க. அது 4:3-ல் எடுத்தது. இழுத்தால் கதாநாயகன் குண்டாயிடுவார்!

மாத்தின அடுத்த மழையில் எழுத்து முழுசாத் தெரிஞ்சது. லீவு நீலகிரிக்கு மட்டும்தான். குடையை எடுத்துட்டுக் கிளம்பினோம்.