அழற்சி தணிக்கும் மருந்தும் விழித்திரையடியில் ஊறும் நீரும்

கண்ணின் வெண்படலத்திற்கும் விழித்திரைக்கும் இடையே குருதி நாளங்கள் செறிந்த அடுக்கு ஒன்று உண்டு. இவ்வடுக்கும் இதனைச் சார்ந்த உறுப்புகளும் அழற்சியுறுவதை 'யூவியைட்டிஸ்' என்பர். கவனியாது விடின் பார்வையைப் பறிக்கவல்ல நோய் இது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் அளித்து வியத்தகு பயன் கண்டார். விரைவில் ஸ்டெராய்டு மருந்துகள் கண் அழற்சிக்கும் முதன்மையான சிகிச்சையாயின.

ஆயினும் சிலரிடம் இம்மருந்தே வேறொரு கேட்டை விளைவிக்கிறது. மேற்கூறிய நாளங்கள் விரிந்து நீர் கசிய, அந்நீர் கூர்பார்வைக்குரிய நடுப்பகுதியின் அடியில் தேங்குகிறது. பார்வையின் மையத்தில் மங்கல் வட்டம் தோன்றும். நேர்கோடு வளைந்தும், பொருள்கள் சிறுத்தும் தெரியும். ஸ்டெராய்டு பிறவாத 1866-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் கிரேஃபே இந்நோயை விவரித்துள்ளார். ஆகவே மருந்து ஒன்றே இதற்குக் காரணமன்று. எனினும் அது வலிய தூண்டுகோலாகும்.

மருத்துவருக்குச் சங்கடம் இங்கேதான். அழற்சியினாலும் விழித்திரையடியில் நீர் கோத்துக்கொள்ளும். பழைய நோய் மீண்டதெனக் கருதி ஸ்டெராய்டைக் கூட்டினால், மருந்தினால் வந்த நீர் பெருகும். மருந்தின் விளைவெனக் கருதிக் குறைத்தால், அடங்காத அழற்சி ஓங்கும். கண்ணினுள் அழற்சி அணுக்கள் மிதக்கின்றனவா என்று நோக்குவதும், சாயம் செலுத்திப் படமெடுப்பதும், 'ஓ.சி.டி.' என்னும் ஒளிக்கதிர்ப் படமும் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுகின்றன. பெங்களூரில் வைட்ஃபீல்டை அடுத்த குந்தலஹள்ளியிலுள்ள சங்கரா கண் மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களுக்கு நோயாளியை அனுப்புவது இதன்பொருட்டே.

மருந்தே காரணமெனத் தெளிந்தால் ஸ்டெராய்டைப் படிப்படியாகக் குறைத்து, அழற்சியை வேறு மருந்தால் அடக்க வேண்டும். இத்துறையில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ். ஆர். இரத்தினம் முன்னின்று நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஐந்து நாடுகளில் 216 நோயாளிகளைக் கொண்டு நடந்த அதன் முடிவு 2019-இல் வெளியாயிற்று. ஸ்டெராய்டைக் குறைத்தும் ஆறு திங்களில் அழற்சி அடங்கியோர், மெத்தோட்ரெக்சேட் பெற்றவருள் 66.7 விழுக்காடு, மைக்கோஃபினோலேட் பெற்றவருள் 57.1 விழுக்காடு. மெத்தோட்ரெக்சேட் மலிவான பழைய மருந்து என்பதும் கருதத்தக்கது. நீர் வற்றாது நீடிப்பின், ஒளியுணர் மருந்து செலுத்தி மென்மையான லேசர் பாய்ச்சுவதும் உண்டு.

ஸ்டெராய்டு உண்பவர் ஒரு கண்ணை மூடி, கோடிட்ட நோட்டுத் தாளை மறு கண்ணால் நோக்கட்டும். கோடுகள் வளைந்து தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புக. மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது மட்டும் கூடாது. நெடுநாள் மருந்துண்ட உடலில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் தம் பணியை உடனே மீளத் தொடங்குவதில்லை.